டேப்லெட் வரட்டும், முதலில பக்கத்தைக் கீறுங்கோ

சித்திரக்கதை கீற ஆசைப்படுகிற எங்கட வயதுக்காரர் கேட்கிற முதல் கேள்வி "என்ன கதை?" என்பதில்லை. "எந்த டேப்லெட் நல்லம்?" என்பதுதான். பிறகு யூடியூப் விமர்சனம் பார்க்கிறது, விலை விசாரிக்கிறது, வெளிநாட்டு மாமா வரேக்க கொண்டுவருவார் என்று காத்திருக்கிறது. கதை அப்படியே கிடக்கும். இன்னொரு பக்கம் மூத்த ஆக்கள்: "கொம்பியூட்டரில கீறுறதெல்லாம் கலையா? தாளும் மையும்தான் கலை." இரண்டு பகுதியும் கருவியைப் பற்றித்தான் கதைக்குது. பக்கத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

நாங்கள் சொல்ல வருவது இரண்டு பகுதிக்கும் பிடிக்காது. தாளில் கீறுங்கள், கையால் எழுதுங்கள், ஃபோனில் முடியுங்கள். இரண்டு பக்கத்தையும் சமாளிக்க இதைச் சொல்லவில்லை. எங்கட சட்டைப்பைக்கும் எங்கட எழுத்துக்கும் இன்றைக்குப் பொருந்துகிற வழி இதுதான்.

முதலில் காசுக் கதை. மஹாபொலக் காசில சாப்பாட்டையும் போட்டோக்கொப்பியையும் சமாளிக்கிற ஒருவருக்கு, நல்ல டேப்லெட் என்பது ஒரு வருசக் கனவு. அந்த ஒரு வருசமும் கை சும்மா இருக்கும். ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தகப்பனின் நாஸி வதைமுகாம் அனுபவத்தை 'மௌஸ்' என்று கீறினார். அதற்கு 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. அவர் பாவித்தது ஊற்றுப்பேனை, தட்டச்சுத் தாள், பிழை அழிக்கிற வெள்ளை மை. எல்லாம் ஸ்டேஷனரிக் கடைச் சாமான். அமெரிக்க சுப்பர் ஹீரோ கொமிக்ஸ்காரர் 11×17 அங்குல மட்டையில் பெரிதாகக் கீறி, அச்சில் சிறிதாக்குவார்கள். சிறிதாக்கினால் கோட்டின் நடுக்கம் மறைந்துவிடும். ஸ்பீகல்மன் புத்தகத்தில் வருகிற அதே அளவிலேயே கீறினார். ஈரானில் வளர்ந்த கதையை மர்ஜான் சத்ரபி 'பெர்செபொலிஸ்' ஆக்கியபோது அவருக்கு வண்ணம்கூடத் தேவைப்படவில்லை. வெறும் கறுப்பு வெள்ளை.

தாள் பக்தர்கள் இப்ப சிரிக்க வேண்டாம். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அதே மாதக் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் நின்றது. தாளும் நம்பிக்கையில்லை, பற்றரியும் நம்பிக்கையில்லை என்று எங்கட தலைமுறைக்கு நாடே படிப்பித்துவிட்டது. தாள் எரியும் என்று 1981இல் யாழ் நூலகம் எங்களுக்கு முந்தின தலைமுறைக்குக் காட்டிவிட்டது. 1963இல் தொடங்கின 'சிரித்திரன்' இதழையும் அதில் சுந்தர் கீறின சவாரித் தம்பரையும் இன்றைக்கு நாங்கள் எப்படிப் பார்க்கிறம்? ஒருவர் மையால் கீறினார், அது தாளில் அச்சானது, பல வருசம் கழித்து யாரோ ஸ்கேன் பண்ணி நூலகம் இணையத்தளத்தில் ஏற்றினார்கள். கையும் வேண்டும், கணினியும் வேண்டும்.

அடுத்தது, இந்தச் சண்டையில் ஒருத்தரும் தொடாத விசயம்: தமிழ் எழுத்து. ஆங்கில கொமிக்ஸில் வசனம் பெரும்பாலும் பெரிய எழுத்தில்தான் வரும். எல்லா எழுத்தும் ஒரே உயரம், வரிகளை நெருக்கி அடுக்கலாம். தமிழில் விசிறி மேலே ஏறும், உகரம் கீழே இறங்கும், வரிக்கு வரி இடைவெளி வேண்டும். சொற்களும் நீளம். 'போகவேண்டியிருந்தது' என்ற ஒற்றைச் சொல்லுக்கே ஒரு பலூன் போய்விடும். அதற்கு மேலால், பழைய போட்டோஷொப்பில் தெற்காசிய மொழிக்கான அமைப்பு இல்லாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். அதனால்தான் இன்னும் பாமினியில் தட்டிக்கொண்டிருக்கிறம். கடைசியில் நடக்கிறது என்ன? படத்தை வடிவாகக் கீறி முடித்து, மிஞ்சின இடத்தில் எழுத்தைத் திணிக்கிறது. வாசிக்கிறவருக்குக் கண் வலிக்கும்.

பென்சிலில் கட்டம் போட்ட உடனேயே வசனத்தைக் கையால் எழுதிப் பாருங்கள், பலூன் எவ்வளவு இடம் கேட்கும் என்று விளங்கும். பிறகு ஆளைக் கீறுங்கள். பாத்திரம் கத்தினால் எழுத்தும் கத்தும், முணுமுணுத்தால் எழுத்தும் சுருங்கும். இதைச் செய்து தர எந்த எழுத்துருவையும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. உங்கட கையெழுத்து காணும்.

டிஜிட்டல் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு வண்ண அத்தியாயம் கொடுக்க வேண்டியவருக்கு லேயரும் நிரப்பும் கருவியும் இல்லாமல் ஏலாது. வண்ணம் பிழைத்தால் தாளில் முழுப்பக்கமும் போகும், திரையில் ஒரு லேயர்தான் போகும். ஆனால் திரைக்கும் தன் குணம் இருக்கிறது. நாலு மடங்கு பெரிதாக்கி ஒரு கண்ணிமையை அரை மணித்தியாலம் கீறலாம், அச்சில் அது ஒரு புள்ளியாகத்தான் வரும். 'அண்டூ' இருக்கிறதால ஒரே கோட்டை இருபது தரம் போடலாம், பக்கம் முடியாது. திரை அளவில் கீறின படத்தை அச்சுக்குக் கொடுத்தால் பிசிறடிக்கும். ஏ4 தாளுக்கு 300 டிபிஐ என்றால் 2480×3508 பிக்சல் வேண்டும், வெறும் கறுப்புக் கோட்டுக்கு 600 டிபிஐ நல்லம். தொடங்க முதலே இதைப் பார்க்க வேண்டும். டேப்லெட் விற்கிற விளம்பரம் இதையெல்லாம் சொல்லாது.

"தாளில் கீறிப் பிறகு ஃபோனில் ஏற்றுறது இரட்டை வேலை" என்று சொல்வார்கள். பகல் வெளிச்சத்தில், நிழல் விழாத இடத்தில் தாளைத் தட்டையாக வைத்து, ஃபோனை நேர் மேலே பிடித்துப் படமெடுங்கள். இபிஸ் பெயின்ட் மாதிரி இலவச அப் ஒன்றில் வெள்ளையைக் கூட்டிக் கறுப்பை இறுக்குங்கள். பக்கத்துக்குப் பத்து நிமிசம். ஒரு வருசம் காத்திருக்கிறதை விட இது குறைவுதானே?

இவ்வளவு அவசரப்படுகிறதுக்குக் காரணம் இருக்கிறது. வன்னி மக்களின் யுத்தக் கதையைச் சொல்கிற 'வன்னி' என்ற சித்திர நாவல் 2019இல் வந்தது. பெஞ்சமின் டிக்ஸ் எழுதினார், லிண்ட்சே பொலொக் கீறினார், ஆங்கிலத்தில் வந்தது. அவர்கள் செய்ததில் எங்களுக்குக் குறையில்லை, நல்ல வேலை. ஆனால் அந்தக் கதைகள் நடந்த ஊர்களில் பிறந்த எங்கட கைகள் என்ன செய்யுது? லயன் அறை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரின் கொட்டில், 2022 காஸ் வரிசை, கம்பஸ் விடுதிச் சண்டை — இதெல்லாம் தமிழில் சித்திரக்கதையாகப் பெருமளவில் வரவேயில்லை. அதைப் பார்த்தவர்கள் எங்களைச் சுற்றி இருக்கிறார்கள், வயது போகுது. அவர்கள் எங்கட டேப்லெட்டுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் வரும். படம் எல்லாம் ஒரு பக்கத்திலேயே இருக்கும், அதனால் பிரதிக்கு ஒரு போட்டோக்கொப்பி காணும். அட்டை இரண்டும் போக ஆறு பக்கம் மிச்சம். அம்மம்மாவிடம் ஒரு கதை கேளுங்கள், ஆறு பக்கத்துக்குள் அடக்குங்கள், இந்தக் கிழமை முப்பது பிரதி எடுத்து பட்சில் கொடுங்கள். டேப்லெட் பற்றி அதுக்குப் பிறகு ஆறுதலாகக் கதைப்பம்.