மூன்றாம் நாளுக்குப் பின்



'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வந்தவருக்கு மூன்று நாள் வரை தலைவாழை இலை விரியும். நான்காம் நாளும் அவர் அவ்வீட்டிலேயே தங்க நேர்ந்தால் என்ன செய்வது? பழமொழி அதற்கு விடை கூறவில்லை. அயல்நாடு சென்று, அங்கு ஒரு சிற்றூர்க் குடும்பத்தோடு தங்கிக் கல்வி பயிலும் மாணவர் அவ்விடையைத் தாமே கண்டறிய வேண்டியவராகிறார். நான்காம் நாள் முதல் அவர் வீட்டாருள் ஒருவராக மாற வேண்டும். அவ்வாறு மாறுபவரே அந்நாட்டு மொழியையும் வாழ்வையும் உண்மையாகக் கற்கிறார் என்பது என் கருத்து.

இத்தகைய கல்வி முறை புதியதன்று. உலகப் போர்களில் காயமுற்றோரை ஊர்திகளில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்கள் ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பினர் ஆவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டு முதல் அவ்வமைப்பு பிற நாட்டு மாணவர்களை அழைத்துக் குடும்பங்களில் தங்க வைத்துப் படிக்கச் செய்தது. ஒருவரையொருவர் நேரில் அறிந்த மக்களிடையே பகை எளிதில் வளராது என்பதே அம்முயற்சியின் அடிப்படை நம்பிக்கை.

நம் தமிழ்நாட்டிலும் இதற்குச் சிறந்த சான்று உண்டு. மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1970களில் ஆய்வு மாணவியாகத் தமிழகம் வந்தார். தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் கூட்டுக் குடும்பத்தோடு ஒரு சிற்றூரில் வாழ்ந்தார். அவ்வாழ்வில் கண்டவற்றை ஆங்கில நூலாக எழுதி 1990இல் வெளியிட்டார். ஒரு தமிழ்க் குடும்பத்தில் அன்பு எவ்வாறு இயங்குகிறது என்பதே அந்நூலின் பொருள்.

அன்பு என்னும் சொல்லின் பொருளை அகராதியிலேயே அவர் கண்டிருக்கலாம். ஆனால், தமிழ்த்தாய் தன் குழந்தையைப் பிறர் முன் புகழாமல் இருப்பதும் அன்பே என்பதை எந்த அகராதி கூறும்? அன்பை வெளிக்காட்டாத அடக்கத்தையும், நாள்தோறும் உடனிருப்பதால் வளரும் பழக்கத்தையும், கடுஞ்சொல்லுக்குள் மறைந்திருக்கும் பரிவையும் அவர் அக்குடும்பத்தினரிடம் கண்டார். அடக்கம், பழக்கம் ஆகிய தமிழ்ச் சொற்களையே எடுத்துக்கொண்டு அன்பின் இயல்புகளை விளக்கினார். மூன்று நாளில் விடைபெற்றுச் சென்றிருந்தால் அவருக்கு உபசரிப்பு மட்டுமே தெரிந்திருக்கும்.

சிற்றூர் வீட்டில் தனியறை இராது; படிப்புக்குரிய நேரம் வீணாகும்; விடுதியில் தங்குவதே மேல் என்பர் சிலர். வசதிக் குறைவு உண்மையே. ஆயினும், விடுதியில் நம் வயதினரோடு மட்டுமே பேசுகிறோம். குடும்பத்திலோ பாட்டியின் பேச்சு வேறு, குழந்தையின் மழலை வேறு, சந்தைக்குச் சென்று வந்தவரின் பேச்சு வேறு. ஒரு மொழியின் பல குரல்களும் ஒரே கூரையின் கீழ் ஒலிக்கின்றன. இதனை நேர இழப்பு என்று கூறுவது பொருந்தாது.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. வந்து தங்கும் மாணவருக்கு அது புதிய அனுபவம். அவ்வீட்டுப் பெண்களுக்கோ அது கூடுதல் வேலை. இன்னும் ஓர் உலை அரிசி, இன்னும் ஒரு குடம் நீர். ஆகவே, உண்ட தட்டைக் கழுவுவதும், நீர் முகந்து வருவதும் நன்றியின் முதற்பாடங்கள் ஆகும். அதேபோல, வீட்டாருள் ஒருவராதல் என்பது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வதன்று. மனம் ஒப்பாத நடத்தை எதையேனும் கண்டால் உடனே பொறுப்பாசிரியரிடமோ பெற்றோரிடமோ கூறிவிட வேண்டும்.

இவை அயல்நாடு செல்வோர்க்கு மட்டும் உரியன என்று நீங்கள் எண்ண வேண்டா. காட்டாக்கடையிலும் நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் உங்களுக்கு, இக்கல்வி வாயிற்படியிலேயே காத்திருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழ் வழங்கும் மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றிச் சொற்களைப் பிரிக்கவில்லை. சேலத்திலிருந்து வந்த உங்கள் தாயார் மரவள்ளிக்கிழங்கு என்பதை இங்குள்ளோர் மரச்சீனி என்பர். களியக்காவிளைக்கு அப்பால் வாழும் தமிழரும் மரச்சீனி என்றே கூறுவர். இதனைப் பாடநூல் உங்களுக்குக் கற்பிக்குமுன், அண்டை வீட்டு அம்மச்சி கிழங்கை அவித்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு தந்து கற்பித்துவிடுவார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர் ஏன் விடியுமுன் செல்கிறார் என்பதை அவரிடமே கேட்டறியலாம்.

பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓர் இடர் உண்டு. அண்டை வீட்டார் பேசும் மலையாளத்தை அயல்மொழியாகவும், பாட்டி பேசும் தமிழை மதிப்பெண்ணுக்குரிய விருப்பப் பாடமாகவும் கருதினால், இரு மொழிகளிலும் நீங்கள் விருந்தினராகவே நின்றுவிடுவீர்கள். பணியின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு இங்கு வாழும் நான், இதனை உங்கள் பொருட்டு மட்டுமன்றி எனக்காகவும் கூறுகிறேன். இரு வீடுகளிலும் உரிமையோடு அடுக்களை வரை செல்லும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டுவதில்லை. உங்களுக்குக் கிட்டியிருக்கிறது.

எனவே, வரும் கோடை விடுமுறையில் தாத்தா பாட்டியின் ஊருக்குச் செல்லும்போது முதல் மூன்று நாள் விருந்தினராக மகிழ்ந்திருங்கள். நான்காம் நாள் காலை, பாட்டி குடத்தைத் தேடுமுன் நீங்கள் அதை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். வழியில் எதிர்ப்படுவோர், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்கள். அவ்வினாவுக்குத் தமிழில் நிறுத்தி, நிதானமாக விடை கூறுங்கள்.