கயிறு எங்கே கட்டப்பட்டது?

பாதியில் நின்ற மாயக்கதையை முடிக்க உள்ளிருந்து உந்துதல் வரவேண்டும், கெடு வைத்து எழுத்தை இழுக்க முடியாது என்பவர்கள் திருப்பனந்தாளைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள்: சாய்ந்த லிங்கத்தை அரசனின் யானைகளால் நிமிர்த்த முடியவில்லை, சிவனடியார் குங்கிலியக்கலயரின் அன்பே நிமிர்த்தியது என்று. ஆனால் கலயர் அன்பு ஊறட்டும் என்று காத்திருக்கவில்லையே! கயிற்றைத் தம் கழுத்தில் பூட்டி இழுத்தார். அவ்வூருக்கு வடக்கே ஓடும் கொள்ளிடத்தில் தம் நாவலின் நாயகன் வந்தியத்தேவனைப் படகேற்றிய கல்கியும் அப்படித்தான். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வாசகருக்குக் கதை தந்தாக வேண்டியிருந்தது. அது சரித்திரக் கதை, மாயக்கதைக்குப் பொருந்தாது என்பார்கள். சரி, மகாபாரதத்தையே புதிதாகப் புனைந்த ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014இல் தொடங்கி, நாள்தோறும் ஓர் அத்தியாயமாக வெளிவந்து, 2020இல் 26 நாவல்களாக முடிந்தது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மாயக்கதை எழுதும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்கும் பதிப்பாளர் கெடு இருந்தது. 2011க்குப் பிறகு அவருடைய பெருந்தொடரின் அடுத்த பாகம் வரவில்லை. உண்மைதான். ஆனால் அந்தக் கெடு முழு நூலுக்கானது. தள்ளிப்போடலாம், எழுதியதைக் கலைத்து மறுபடி தொடங்கலாம். தொடராக வெளிவந்துவிட்ட அத்தியாயத்தைக் கலைக்க முடியாது. அதன் சிக்கலை அடுத்த அத்தியாயத்தில்தான் அவிழ்த்தாக வேண்டும். நடை சில இடங்களில் தளரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நூலாக்கும்போது அதைச் செப்பனிடலாம்.