பள்ளியா, பல்லியா?

கணினியில் தமிழ் எழுத அமரும் மாணவியருள் பலர் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழை வரவழைக்கிறோம். பி, ஏ, எல், எல், ஐ என்று தட்டினால் சில மென்பொருள்கள் ‘பள்ளி’யையும் காட்டும், ‘பல்லி’யையும் காட்டும். நின்று பார்த்துப் பொறுக்கியெடுக்க வேண்டியது நம் பொறுப்பு. அவசரக்காரர் பள்ளிக்குப் புறப்பட்டுப் பல்லியுடன் திரும்புவதும் உண்டு! ஆயினும் முதல் நாளிலேயே நான்கு வரி எழுத முடிகிறதே, புதியவருக்கு அது பேருதவி அன்றோ?

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்களில் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளி தானே விழும். ப, ள, ள, இ என்றால் பள்ளிதான். பல்லிக்கு அங்கே இடமில்லை. ஆனால் கை பழகச் சில வாரங்கள் ஆகும்.

‘சாதாரண மக்கள் இதையெல்லாம் கற்கமாட்டார்கள்’ என்று மென்பொருள் அமைப்போர் எண்ணி, எளியதை முன்னே வைத்து, மற்றதை அமைப்புப் பட்டியலின் ஆழத்தில் புதைத்துவிடுகின்றனர். இதைத்தான் நாம் ஏற்க இயலவில்லை. இன்று தட்டுத்தடுமாறுபவள் என்றும் அப்படியேவா இருப்பாள்? ல, ள, ழ வேறுபாட்டைத் தினமும் இயந்திரத்தின் ஊகத்திற்கு விட்டுவிட்டால், தேர்வுத்தாளில் அதை யார் காட்டித் தருவார்?

பழைய தட்டச்சுப் பொறியில் தேர்வெழுதி, கண்ணை மூடிக்கொண்டு தட்டும் பெரியோரும் நம் இல்லங்களில் உண்டு. அவர்கள் விரல்கள் கற்றதை ஒரே நாளில் செல்லாக்காசாக்குவது நியாயமன்று. ‘இ-கலப்பை’ மென்பொருள் ஒலிப்பு முறை, தமிழ்99, தட்டச்சு முறை ஆகியவற்றுக்கு ஒருங்கே இடமளித்தது, அதுவே பண்பு. தேர்வுகள் மிகுந்தால் புதியவர் மிரள்வார் என்பதும் உண்மைதான். எனவே தொடக்கத்தில் ஒன்றை மட்டும் காட்டட்டும்.

கணினியின் ஆங்கிலப் பட்டியல்களில் ‘காப்பி’ என்ற சொல்லின் அருகிலேயே ‘கண்ட்ரோல் சி’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பத்து முறை சுட்டியால் சொடுக்கியவர், பதினோராம் முறை விரலால் முடித்துவிடுகிறார். ஆசிரியை தேவைப்படவில்லை. தமிழ் எழுதும் மென்பொருளிலும் நாம் ‘அம்மா’வைத் தேர்ந்தெடுத்தவுடன், மூலையில் சிறிய எழுத்தில் ‘அ ம ம ஆ’ என்று காட்டலாமே. அதற்கு எவ்வளவு இடம் பிடித்துவிடும்?