கங்கை நீர்: எஞ்சியிருக்கும் அவகாசம்

இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான கங்கை நீர்ப் பகிர்வு உடன்படிக்கை 2026 டிசம்பரில் காலாவதியாகிறது. 1996 டிசம்பர் 12 அன்று பிரதமர்கள் தேவெ கௌடாவும் ஷேக் ஹசீனாவும் தில்லியில் கையொப்பமிட்ட அந்த உடன்படிக்கையின் ஆயுள் 30 ஆண்டுகள். இருதரப்பும் இசைந்தால் மட்டுமே அதைப் புதுப்பிக்க முடியும். தானாக நீளும் வழி அதில் இல்லை. ஆகவே, இரு நாட்டு அதிகாரிகள் நடத்தும் பேச்சுவார்த்தை வழக்கமான சம்பிரதாயமாக முடிந்துவிடலாகாது.

இரு நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் நதிகள் 54. அவற்றில் முழுமையான பங்கீட்டு உடன்படிக்கை உள்ளது கங்கைக்கு மட்டும்தான். கொல்கத்தா துறைமுகத்தில் படியும் வண்டலை அகற்றுவதற்காகக் கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்பும் ஃபராக்கா தடுப்பணை 1975-இல் செயல்பாட்டுக்கு வந்தது. எல்லைக்கு அப்பால் பத்மா நதியில் கோடையில் நீர் குறைந்தது. தென்மேற்கு வங்கதேசத்தின் குல்னா பகுதிக்குள் உப்பு நீர் ஏறியது. 1976-இல் மௌலானா பாஷானி ஃபராக்காவை நோக்கி நடத்திய நெடும்பயணம் இன்றளவும் அந்நாட்டு அரசியலில் நினைவுகூரப்படுகிறது.

ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்து நாள்களுக்கு ஒரு தவணை என நீர் பகிரப்படுகிறது. ஃபராக்காவுக்கு விநாடிக்கு 70,000 கன அடி அல்லது அதற்குக் குறைவாக நீர் வந்தால் இருவருக்கும் சரிபாதி. 75,000-ஐத் தாண்டினால் இந்தியாவுக்கு 40,000, எஞ்சியது வங்கதேசத்துக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை ஒரு தவணை விட்டு ஒரு தவணை இருவருக்கும் 35,000 கன அடி உறுதி. சிக்கல் இங்குதான் இருக்கிறது. வரத்து 55,000 கன அடியாகச் சுருங்கும் தவணையில் ஒருவருக்கு 35,000 என்றால், மற்றவருக்குக் கிடைப்பது வெறும் 20,000. வரத்து 50,000-க்கும் கீழே சென்றால்? உடனடியாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது உடன்படிக்கை. ஆலோசனையில் இணக்கம் ஏற்படாவிட்டால் எவ்வளவு நீர் என்பதற்கு அதில் விடையில்லை.

1977-இல் மொரார்ஜி தேசாய் அரசு செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அந்த விடை இருந்தது. வரத்து எவ்வளவு குறைந்தாலும், அட்டவணையில் உள்ள பங்கில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வங்கதேசம் பெறும் என்று அது உறுதியளித்தது. அத்தகைய உறுதிமொழியை மீண்டும் அளிக்க இந்தியா தயங்குவதில் நியாயம் இல்லாமல் இல்லை. உத்தர பிரதேசமும் பிகாரும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நீர்தான் ஃபராக்காவை அடைகிறது. ஆனாலும், மிக வறண்ட தவணைகளுக்கு மட்டுமாவது குறைந்தபட்ச விகிதம் ஒன்றை ஏற்பது, ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் எழும் பூசலைவிட இந்தியாவுக்குக் குறைந்த செலவிலேயே முடியும்.

இந்த உடன்படிக்கையின் உண்மையான சாதனை பங்கீட்டுக் கணக்கு அல்ல, கூட்டு அளவீடு. கோடை மாதங்களில் வங்கதேசப் பொறியாளர்கள் ஃபராக்காவிலும், இந்தியப் பொறியாளர்கள் வங்கதேசத்தின் ஹார்டிஞ்ச் பாலத்திலும் தங்கி அன்றாட நீரோட்டத்தைச் சேர்ந்தே அளக்கிறார்கள். கையொப்பப் படங்களில் இவர்கள் இடம்பெறுவதில்லை. 2024 ஆகஸ்டில் ஹசீனா பதவி இழந்து இந்தியாவுக்கு வந்த பிறகு உறவு வெகுவாகக் கசந்தது. அந்நிலையிலும் 2025 மார்ச்சில் கூட்டுக் குழு ஃபராக்காவைப் பார்வையிட்டு, கொல்கத்தாவில் கூடியது.

தில்லி கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மேற்கு வங்கம். 1996-இல் உடன்படிக்கைக்கு முன்னதாக டாக்கா சென்று வழியமைத்தவர் அன்றைய முதல்வர் ஜோதி பாசு. 2011-இல் தீஸ்தா ஒப்பந்தம் கடைசி நேரத்தில் நின்றுபோனதற்கு மாநிலத்தின் எதிர்ப்பே காரணம். 2024 ஜூனில் புதுப்பித்தல் பற்றிய அறிவிப்பு வெளியானபோதும், தம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என்று மம்தா பானர்ஜி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மாநில அதிகாரிகளை முதல் சுற்றிலேயே மேஜையில் அமர்த்தியாக வேண்டும். மற்றொன்று, சிந்து. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் சிந்து நதி உடன்படிக்கையை இந்தியா நிறுத்திவைத்தது. அதற்கான காரணங்கள் வேறு. ஆயினும், கீழ்ப்படுகையில் இருக்கும் டாக்கா அதை உன்னிப்பாகப் பார்க்கிறது என்பதை நம் அதிகாரிகள் அறிந்தே பேச வேண்டும்.

முன்பும் ஒரு வெற்றிடம் ஏற்பட்டதுண்டு. 1988-இல் பழைய ஏற்பாடு முடிந்து, 1996 வரை எட்டு ஆண்டுகள் எந்த ஒப்பந்தமும் இல்லை. 1993 மார்ச்சில் ஹார்டிஞ்ச் பாலத்தில் நீரோட்டம் 10,000 கன அடிக்கும் கீழே சரிந்தது. புதிய உடன்படிக்கை உரிய காலத்தில் கைகூடாவிட்டால், நடப்பு ஏற்பாட்டை ஓரிரு ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் கடிதப் பரிமாற்றமாவது நடந்தாக வேண்டும். காலாவதி நாள் டிசம்பர் 12. அடுத்த பருவத்தின் முதல் அளவீடு ஜனவரி 1. இடையில் இருப்பவை இருபது நாள்கள்.