சார்ட்டுக்கா பரிசு?



டி.வி.யைக் கண்டுபிடித்தவர் யார்னு கேட்டால் "பெயர்டு"ன்னு எல்லோரும் கை தூக்குவோம். 1926-ல் லண்டனில் செய்து காட்டினார். சரி, பி.சிவகுமாரனைத் தெரியுமா?

1950 ஜனவரியில் சென்னை தேனாம்பேட்டையில் ஒரு பொருட்காட்சி நடந்தது. மின் பொறியியல் மாணவரான சிவகுமாரன், எழுத்தை மின் சிக்னலாக மாற்றித் திரையில் தெரிய வைத்தார். பத்திரிகையிலும் செய்தி வந்தது. டெல்லியில் டி.வி. வந்ததே 1959-ல்தான். சென்னைக்கு 1975-ல்! அதற்கு 25 வருஷம் முன்னாடியே ஒரு மாணவர் காட்டிவிட்டார்.

"ஒரு எழுத்துதானே" என்று சிரிக்காதீங்க. அது வேலை செஞ்சுது!

நம்ம அறிவியல் கண்காட்சியில் என்ன நடக்குது? தெர்மாகோல் எரிமலை, கடையில் வாங்கிய சார்ட். பளபளன்னு இருந்தால் பரிசு. நம்ம எடப்பாடியில் தறி ரிப்பேர் பார்க்கும் பசங்க எத்தனை பேர்! மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வாங்க. ஆனால் சார்ட் வாங்கக் காசில்லாமல் பேர் கொடுக்க மாட்டாங்க.

என் கருத்து இதுதான். பரிசு கொடுக்கும்போது "அழகா இருக்கா?" என்று பார்க்க வேண்டாம் ஐயா. "ஓடுதா? நீயே செஞ்சியா?" என்று கேளுங்கள். பழைய சாமானில் செய்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம வகுப்பிலும் ஒரு சிவகுமாரன் இருக்கலாம். சிந்திப்போமா?

– 10-ஆம் வகுப்பு மாணவன்