நடுக் குமிழைத் திருகுங்கள்!

பங்க் இசைக் கோஷ்டியில் பெரும்பாலும் நான்கு பேர் இருப்பார்கள். ஒருவர் பாடுவார். ஒருவர் கிட்டார் வாசிப்பார். ஒருவர் டிரம் அடிப்பார். நான்காவது ஆள், பாஸ் கிட்டார்காரர்.

முதல் மூன்று பேர் செய்வது எல்லோருக்கும் கேட்கும். நான்காவது ஆள் வாசிப்பது பல கச்சேரிகளில் கேட்பதே இல்லை. "கும் கும்" என்று ஓர் உறுமல் மட்டும் வரும். என்ன சுரம் என்று தெரியாது.

அவரும் கை வலிக்க வாசிக்கிறார். ஆனால் அது யார் காதுக்கும் போய்ச் சேரவில்லை. இது என்ன நியாயம்?

இதற்குப் பலர் என்ன செய்கிறார்கள்? சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அல்லது கடன் வாங்கிப் பெரிய ஆம்ப்ளிபயர் வாங்குகிறார்கள். இரண்டும் வீண் என்பது என் கருத்து. பணமும் போகும், காதும் போகும்.

சரியான கம்பியைப் போடுங்கள். சரியான குமிழைத் திருகுங்கள். அது போதும்!

பங்க் என்றால் என்ன?

பங்க் இசை 1970-களில் அமெரிக்காவில் நியூயார்க் நகரிலும், இங்கிலாந்தில் லண்டன் நகரிலும் வளர்ந்தது. பாட்டு சின்னதாக இருக்கும். வேகமாக ஓடும். பெரிய வித்தை எதுவும் இருக்காது. கையில் காசு இல்லாத இளைஞர்களும் வாசிக்கலாம்.

நியூயார்க்கில் 1974-ல் "ரமோன்ஸ்" என்ற கோஷ்டி தோன்றியது. அவர்களுடைய முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது. 14 பாட்டுகள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட இல்லை. அதைப் பதிவு செய்ய ஆன செலவு சுமார் 6,400 டாலர்தான்.

அந்தத் தட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பாஸ் கிட்டார் ஒலியை இடது பக்கத்திலும், கிட்டார் ஒலியை வலது பக்கத்திலும் பிரித்து வைத்தார்கள். ஆகவே ஹெட்போனில் இடது பக்கத்தை மட்டும் கேளுங்கள். டீ டீ ரமோன் வாசித்த பாஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும்.

அது உறுமலா? இல்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிகிறது. அவர் விரலால் மீட்டவில்லை. "பிக்" என்ற சிறு பிளாஸ்டிக் வில்லையால் கம்பியைக் கீழ்நோக்கியே அடித்து வாசித்தார். பங்க் பாஸ் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எந்தக் கம்பி?

பாஸ் கிட்டாரில் நான்கு கம்பிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஓர் எஃகுக் கம்பி இருக்கும். அதன் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றிய கம்பி உருண்டையா, பட்டையா? இதுதான் முக்கியம்.

பட்டைக் கம்பி சுற்றியது தடவினால் வழவழப்பாக இருக்கும். ஒலி மெத்தென்று வரும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது இந்தக் கம்பியில்தான். அந்தப் பாட்டுகளுக்கு அது அழகு. பங்க் பாட்டுக்கு அது ஒத்து வராது. கிட்டாரின் இரைச்சலில் அமுங்கிப் போகும்.

உருண்டைக் கம்பி சுற்றியது தடவினால் சொரசொரப்பாக இருக்கும். ஒலி "கணீர்" என்று வரும். இங்கிலாந்தில் ரோட்டோசவுண்ட் கம்பெனி 1966-ல் இத்தகைய கம்பியைப் பெயர் பெறச் செய்தது. "தி ஹூ" கோஷ்டியின் ஜான் என்ட்விசில் அதற்குத் துணை நின்றார். பங்க் வாசிப்பவர் இதையே வாங்க வேண்டும்.

மேலே சுற்றியது எஃகாக இருந்தால் கூர்மை அதிகம். நிக்கல் பூச்சாக இருந்தால் கூர்மை கொஞ்சம் குறைவு. ஆனால் கழுத்தில் உள்ள மெட்டுகள் சீக்கிரம் தேயாது. என் ஓட்டு எஃகுக்கே!

கனம் எவ்வளவு? கம்பிக் கட்டின் மேல் 45, 65, 80, 105 என்று போட்டிருக்கும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அளந்த கணக்கு அது. இந்தக் கட்டை வாங்குங்கள். இதைவிட மெல்லிய கம்பி, வேகமாக அடித்தால் தளதளவென்று ஆடும், சுருதி விலகும். இதைவிடத் தடித்த கம்பி கையைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

வெந்நீர் வைத்தியம்

புதுக் கம்பியின் கணீர் ஒலி சில வாரங்களில் மங்கும். ஏன்? விரலின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் கம்பியின் இடுக்குகளில் அடைத்துக்கொள்ளும்.

உடனே புதுக் கம்பி வாங்க வேண்டுமா? வேண்டாம். பழைய கம்பியைக் கழற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் 10 நிமிடம் போடுங்கள். எடுத்து, ஈரம் இல்லாமல் நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் துருப் பிடிக்கும். பிறகு மாட்டுங்கள். கொஞ்ச நாளைக்குப் பழைய கணீர் திரும்பி வரும். (அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்!)

நடுக் குமிழ்

இனி ஆம்ப்ளிபயருக்கு வருவோம். அதில் பல குமிழ்கள் இருக்கும். கனத்த ஒலிக்கு ஒன்று. நடு ஒலிக்கு ஒன்று. கூர்மையான ஒலிக்கு ஒன்று.

பலர் கனத்தைக் கூட்டுவார்கள். கூர்மையைக் கூட்டுவார்கள். நடுவைக் குறைப்பார்கள். வீட்டில் தனியாக வாசித்தால் அது இனிமையாகத்தான் இருக்கும். கோஷ்டியோடு வாசித்தால் காணாமல் போகும்!

காரணம் இதுதான். பாஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலி மனிதக் காதுக்குச் சரியாக எட்டாது. பெரிய டிரம்மும் அதே பக்கத்தில்தான் இடிக்கும்.

ஆனால் அந்தக் கம்பி 41 முறை மட்டும் அதிரவில்லை. கூடவே 82, 123, 164 என்று மேலே மேலே பல அதிர்வுகளையும் எழுப்புகிறது. அந்த மேல் அதிர்வுகளைக் கொண்டுதான் காது சுரத்தைக் கண்டுபிடிக்கிறது. அவற்றில் பல நடு ஒலியில் இருக்கின்றன. நடுக் குமிழைக் குறைத்தால் சுரத்தையே குறைத்தது போல!

ஆகவே இப்படி வையுங்கள். குமிழைக் கடிகார முள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கனம் 11 மணி. நடு 2 மணி. கூர்மை 1 மணி. ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழை, ஓங்கி அடித்தால் மட்டும் லேசாகக் கரகரக்கும் அளவுக்கு வையுங்கள். பிறகு இடத்துக்குத் தக்கபடி கொஞ்சம் மாற்றலாம்.

காது ஒன்றுதான்

"பங்க் என்றாலே சத்தம்தானே? சத்தத்தைக் கூட்டினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒலி காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால், ஆம்ப்ளிபயரின் சக்தி சுமார் 10 மடங்காக வேண்டும். 100 வாட் பெட்டிக்குப் பதில் 200 வாட் பெட்டி வாங்கினால் சிறு வித்தியாசமே தெரியும். பணம்தான் இரண்டு மடங்கு!

காதின் கணக்கு இன்னும் கடுமை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். அதற்கு மேல் ஆபத்து. காதுக்குள் கெட்டுப்போன நுண்ணிய மயிரணுக்கள் மறுபடி முளைக்காது. கம்பி அறுந்தால் வேறு கம்பி வாங்கலாம். காதுக்கு எங்கே போவது?

"பங்க் இசைக்கு விதியே கிடையாது" என்று இன்னும் சிலர் சொல்வார்கள். உண்மைதான். லண்டனின் "கிளாஷ்" கோஷ்டியில் சேர்ந்தபோது பால் சிமனனுக்குப் பாஸ் வாசிக்கத் தெரியாது. சுரங்களின் பெயரைக் கிட்டாரின் கழுத்தில் எழுதி வைத்துக் கற்றார். வாசிக்க விதி வேண்டாம். ஆனால் வாசித்தது கேட்க வேண்டாமா?

பிள்ளை பாஸ் கிட்டார் வாசிக்கும் வீட்டாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய பெட்டி கேட்டால், முதலில் நல்ல கம்பி ஒரு கட்டு வாங்கிக் கொடுங்கள். கூடவே காதில் வைக்கும் அடைப்பானும் வாங்கிக் கொடுங்கள்.

சத்தக் குமிழை விடுங்கள். நடுக் குமிழைத் திருகுங்கள். நான்காவது ஆள் வாசிப்பதும் நாலு பேருக்குக் கேட்கட்டும்!