பின்னால் நிற்பவர் தோற்றவரா?



"பாடகனாக வந்தாலாவது பேரும் புகழும் உண்டு. எவனோ பாட, பின்னால் நின்று கித்தார் வாசிப்பதற்கா இத்தனை வெள்ளி செலவழித்து இவனை வகுப்புக்கு அனுப்புகிறேன்?"

அண்மையில் ஒரு தந்தையார் என்னிடம் இவ்வாறு குமுறினார். மகன் அருகிலேயே தலைகுனிந்து நின்றான். அன்று எனக்கு விடை கூற நா எழவில்லை. இன்று கூறுகிறேன். சான்றாக நான் அழைப்பது ஜப்பானியர் ஒருவரை.

ஷிகேரு சுசுகி. 1951-இல் தோக்கியோவில் பிறந்தவர். "யார் இவர்?" என்று கேட்கின்றீர்களா? நீங்கள் அவ்வாறு கேட்க நேர்ந்ததுதான் என் வழக்கே!

'ஹாப்பி எண்ட்' என்னும் நால்வர் குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தபோது இவருக்கு வயது 18. ராக் இசையை ஆங்கிலத்தில் பாடினால்தான் உலகம் செவிசாய்க்கும் என்று யூயா உச்சிடா போன்றோர் அந்நாளில் வாதிட்டனர். இக்குழுவோ ஜப்பானிய மொழியில் பாடியது. (மொழியாசிரியனாகிய எனக்கு இவ்விடத்தில் நெடுநேரம் நிற்க ஆசைதான். ஆயினும் இன்றைய வழக்கு வேறு.) அந்தப் பூசலைப் பற்றி எழுதுவோர் வரிகளை எழுதிய தகாஷி மட்சுமோட்டோவைப் புகழ்கின்றனர், பாடிய எய்ச்சி ஓதாகியைப் புகழ்கின்றனர். தகும். ஆனால் அச்சொற்களைத் தாங்கிச் சென்ற கித்தார் யாருடையது? அதைக் கேட்பார் மிகச் சிலரே.

குழு 1972-இன் இறுதியில் கலைந்தது. அடுத்த ஆண்டு சுசுகி, ஹருவோமி ஹோசொனோ, தட்சுவோ ஹயாஷி, மசதாகா மட்சுதோயா ஆகிய நால்வரும் 'கேரமல் மாமா' என்ற பெயரில் ஒன்றுகூடினர். பிறருடைய பாடல்களுக்கு வாசித்து, அவற்றுக்கு வடிவம் கொடுத்து, இசைத்தட்டாக ஆக்கித் தருவதே இவர்களின் பணி. இவர்கள் வேலை செய்த முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பாடலின் அடிப்படை அமைப்பு மட்டுமே கையில் இருக்கும். எவர் எப்போது நுழைவது, எவர் எங்கே ஒதுங்குவது என்பதை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே வாசித்துப் பார்த்து முடிவு செய்தனர். இதுவா எடுபிடி வேலை? பாடலைப் பாதி கட்டியவர்கள் இவர்கள் அல்லரோ!

1973-இல் யூமி அராய் என்னும் 19 வயதுப் பெண்ணின் முதல் இசைத்தட்டான 'ஹிகோகி குமோ' இவ்வாறுதான் உருவாயிற்று. விமானம் வானில் விட்டுச் செல்லும் வெண்கோடு என்பது அப்பெயரின் பொருள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2013-இல், ஹயாவோ மியாசாகி தம் திரைப்படத்திற்கு அத்தலைப்புப் பாடலையே தேர்ந்தெடுத்தார். உங்கள் பிள்ளைகளும் கேட்டிருக்கக்கூடும். தன்னை முன்னிறுத்தாத அந்தக் கித்தாரை வாசித்தவர் யார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

"முன்னே வர இயலாதவரே பின்னே நிற்பார்" என்று சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. அதுவும் பொய். சுசுகி தனியாக அமெரிக்கா சென்று, 'லிட்டில் ஃபீட்' குழுவினர் உள்ளிட்ட அந்நாட்டுக் கலைஞர்களோடு ஒலிப்பதிவு செய்து, 1975-இல் 'பேண்ட் வேகன்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பாடியவரும் அவரே, ஜப்பானிய மொழியில்! அவர் குரல் மெல்லியது, ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அதைக் கேட்ட எவரும் அவரைத் தோற்றவர் என்னமாட்டார். முன்னே நின்ற பின்னரும் பிறருக்கு வாசிப்பதை அவர் இழிவாகக் கருதவில்லை, தொடர்ந்து வாசித்தார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2009-இல் கஞ்சா வைத்திருந்த குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட்டார். பெற்றோர் இதைச் சுட்டிக்காட்டினால் நான் வாதாட வரமாட்டேன், அது தவறுதான். ஆனால் உடனே நடந்தது என்ன? நால்வர் சேர்ந்து ஆக்கிய 'ஹாப்பி எண்ட்' இசைத்தட்டுகளின் விற்பனை நிறுத்தப்பட்டது! புகழைப் பங்கிடும் வேளையில் எவர் கண்ணிலும் படாத கித்தார்க்காரர், பழி வந்ததும் குழு முழுவதற்கும் முகமாகிவிட்டார். என்ன நீதி இது?

1968-இல், பள்ளி மாணவராக இருந்தபோது, ஹயாஷியுடனும் ரே ஓஹாராவுடனும் சேர்ந்து அவர் தொடங்கிய குழுவின் பெயர் 'ஸ்கை'. 2021-இல், எழுபதை நெருங்கும் வயதில், அதே தோழர்களோடு மட்சுதோயாவையும் சேர்த்துக்கொண்டு, அதே பெயரில் இசைத்தட்டு வெளியிட்டார்.

ஐயா, உங்கள் மகனுக்கும் இப்போது பள்ளிப் பருவம்தான். வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.